என் பாஸ்போர்ட் இவர் வயிற்றில்

ரயில் கதவு மூடிக்கொண்டபோது என் கணவர் உள்ளே இருந்தார். நான் வெளியே நின்றேன். என் பாஸ்போர்ட், என் போன், ஹோட்டல் அறைச் சாவி, இரண்டு பேருக்குமான பணம், பேங்க் கார்டு எல்லாமே இவர் சட்டைக்கு உள்ளே, வயிற்றோடு இறுக்கிக் கட்டிய பையில் இருந்தன. என்னிடம் இருந்தவை ஒரு தண்ணீர் பாட்டிலும் தோளில் கிடந்த துப்பட்டாவும்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர் வாய் மட்டும் அசைந்தது. பிறகு கதவிடுக்கு வழியாகச் சத்தமும் கேட்டது.

“கைய விடாத! கைய விடாத!”

இவர் லிஃப்ட் பரிசோதகர். மூடுகிற கதவில் கையை நுழைக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். கதவுக்குள் கையை விடாதே என்றாரா, என் கையை விட்டுவிடாதே என்றாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவானாலும் ரயில் போய்விட்டது.

வெளிநாடு பார்த்துவிட்டு வாருங்கள் என்று மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்த அன்றே இவருக்குத் தூக்கம் போயிற்று. எந்த ஊரில் எப்படித் திருடுவார்கள், எப்படி ஏமாற்றுவார்கள் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தார். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தும் அதே பேச்சு. சட்டையில் எச்சம் பட்டிருக்கிறது என்று ஒருவன் துடைக்க வருவானாம், இன்னொருவன் பையை உருவுவானாம். போட்டோ எடுத்துத் தருகிறேன் என்று வாங்கிய போனோடு ஓடுவானாம். கீழே கிடந்த மோதிரத்தை எடுத்து உங்களுடையதா என்று கேட்பானாம்.

“உதவி பண்றேன்னு எவன் வர்றானோ அவன்தான் முதல் திருடன். நல்லா ஞாபகம் வச்சுக்க” என்றார்.

“அப்ப வழி தெரியலன்னா யாரைக் கேக்கறது?”

“எதுக்குக் கேக்கணும்? நான் இருக்கேன்ல.”

அன்று காலை ஹோட்டல் அறையில் நான் கைப்பையை எடுத்து மாட்டியதும், வெடிகுண்டைப் பார்த்ததுபோல் பதறினார்.

“பைய வை. இழுத்துட்டு ஓடிடுவான்.”

“போனாவது எங்கிட்ட இருக்கட்டுமே.”

“கையில போன் வச்சிருந்தா டூரிஸ்டுன்னு தெரிஞ்சிடும். குடு, ஆஃப் பண்ணி உள்ள வச்சிடறேன்.”

கழுத்தில் கேமராவும் தலையில் தொப்பியும் காலில் புத்தம்புது வெள்ளை ஷூவுமாக நின்றுகொண்டு இவர் இதைச் சொன்னார். நான் சொந்தமாகத் தையல் கடை நடத்துகிறவள். துணி மொத்த வியாபாரிகளிடம் பேரம் பேசுவதும், மிஷின்காரர்களை விரட்டி வேலை வாங்குவதும், ஷட்டரை இறக்கிப் பூட்டிச் சாவியை எடுத்து வருவதும் நான்தான். இந்த ஊரில் வந்து இறங்கியதிலிருந்து நான் இவருடைய பெட்டிகளில் ஒன்றாகிவிட்டேன். இங்கே நில், அங்கே பார்க்காதே, வா, உட்கார். சண்டை போட்டால் வந்த பயணம் கெட்டுப்போகுமே என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

ரயில் வந்தபோதும் அப்படித்தான். கூட்டத்தில் ஏறும்போதுதான் பிக்பாக்கெட் அடிப்பான் என்று இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, தோளால் இடித்து இவர் உள்ளே போனார். பின்னாலேயே வந்த நான் ஒரு தள்ளுவண்டிக் குழந்தைக்கு ஒதுங்கி வழிவிட்டேன். அதற்குள் மணி அடித்துக் கதவு மூடிவிட்டது.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்துவிடுவார் என்று நின்றேன். எதிர்ப் பிளாட்பாரத்தில் ரயில் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். வெள்ளை ஷூ, வெள்ளை ஷூ என்று கண் தேடியது. ஒரு ரயில் போயிற்று, இன்னொன்று போயிற்று. பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் நாங்கள் பேசியிருக்கவில்லை. அத்தனை வீடியோ பார்த்த மனிதர், பெண்டாட்டி தொலைந்தால் எங்கே சந்திப்பது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஓர் ஆள் பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டான். நல்ல விதமாகத்தான் கேட்டான். நான் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்து, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். அவன் போன பிறகுதான் எனக்கே உறைத்தது. என்னிடம் திருட என்ன இருக்கிறது? பாட்டிலில் பாதித் தண்ணீர்கூட இல்லை.

அந்த நினைப்பு வந்ததும் பயம் போய்விட்டது. அது இருந்த இடத்தில் பற்றிக்கொண்டு எரிந்தது கோபம்.

படியேறிப் போனேன். மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு நிலைய அதிகாரி உட்கார்ந்திருந்தாள். ஒட்ட வெட்டிய முடி, காதில் ஹெட்போன். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், கணவர் ரயிலில், நான் வெளியே என்று சைகையும் சேர்த்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதற்கே அவளுக்குக் கும்பிடு போட வேண்டும். நாற்காலி கொடுத்து உட்கார வைத்து, எந்த ஹோட்டல் என்று கேட்டாள்.

கிராண்ட் என்று தொடங்கும் என்றேன். மேலே என்ன வரும் என்று தெரியவில்லை. யார் கேட்டாலும் ஹோட்டல் பெயரைச் சொல்லாதே என்று இவர் உத்தரவு போட்டிருந்தார். சொல்லக் கூடாத பெயரை நான் மனதில் ஏற்றிக்கொள்ளவே இல்லை. அவள் கணினியில் தட்டித் திரையை என் பக்கம் திருப்பினாள். கிராண்ட், கிராண்ட், கிராண்ட் என்று திரை முழுக்க வந்து நின்றன. வாசலில் பச்சைக் கூரைத் துணி கட்டியிருக்கும் என்றேன். அவள் பெருமூச்சு விட்டாள்.

போன் நம்பர் கேட்டாள். என் நம்பர் மனப்பாடம். ஆனால் அந்தப் போன் அணைந்துபோய் இவர் வயிற்றில் கிடக்கிறது. இவர் நம்பரும் மகள் நம்பரும் எனக்குப் போனில் வெறும் பெயர்கள்தான், தொட்டால் அழைப்பு போகும். அதிலும் யாரோ ஏமாற்ற முயன்றான் என்று இவர் சமீபத்தில்தான் நம்பரையே மாற்றியிருந்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கடை போர்டு கண்முன் வந்தது. பெயின்டரை நிற்கவைத்து, ஒவ்வொரு எண்ணாக நானே சொல்லி எழுதவைத்த நம்பர் அது. நாட்டுக்கான எண்ணை அதிகாரியே பார்த்துச் சேர்த்து அழைத்துக் கொடுத்தாள்.

எடுத்தது காஜா. கடையில் பித்தான் துளை போடுகிறவள், அதனால் அவள் பெயரே அதுவாகிவிட்டது.

“அக்கா! வெளிநாட்டுல இருந்தா பேசறீங்க? நல்ல நேரத்துல பண்ணீங்க. அந்தப் பச்சை ப்ளவுஸ் அம்மா வந்து உக்காந்துட்டாங்க, கை இறுக்கமா இருக்காம்…”

“ப்ளவுஸ் கெடக்கட்டும்டி. மாமா புது நம்பர் உங்கிட்ட இருக்கா?”

“இருக்கே. எதுக்குக்கா, மாமா உங்க கூடத்தான இருக்காரு?”

“இல்ல. தொலைஞ்சு போயிட்டாரு.”

“ஐயையோ! அவரா?”

“நான்தான்டி. யாரா இருந்தா என்ன, நம்பரைச் சொல்லு.”

அவள் சொன்னதை நான் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதிக்கொண்டாள். வைப்பதற்கு முன் காஜா கேட்டாள்: “கை எவ்வளவு பிரிக்கட்டும்க்கா?” ஒரு விரல் பிரி என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

இனி என்ன, முடிந்தது என்று நினைத்தேன். அதிகாரி இவருக்குப் போன் போட்டாள். அடித்தது. கட் ஆயிற்று. மறுபடி போட்டாள், மறுபடி கட். தெரியாத நம்பர் என்றால் இவர் எடுக்க மாட்டார், அது இன்னொரு விதி. மூன்றாம் தடவை எடுத்தார். அதிகாரி மிகவும் மரியாதையாக, உங்கள் மனைவி எங்களிடம் இருக்கிறார் என்றாள். அந்தப் பக்கம் இவர் கத்துவது என் காதுவரை கேட்டது. போன் வைக்கப்பட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வேன். பணம் ஒரு பைசா தர முடியாது, போலீசைக் கூப்பிடுவேன் என்கிறாராம்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இந்தத் தடவை நானே பேசுகிறேன் என்று வாங்கினேன்.

“ஏங்க, நான்தான் பேசறேன்.”

அந்தப் பக்கம் ரயில் ஒன்று கடகடத்துப் போயிற்று.

“ஏங்க!”

“யாரு?”

“யாருன்னா? நான்தாங்க!”

“குரல் அப்படியேதான் இருக்கு” என்றார் இவர், யாரோ மூன்றாம் மனிதரிடம் சொல்வதுபோல. “இப்பல்லாம் மிஷின் வச்சு குரலை அப்படியே எடுத்துடறாங்கன்னு எனக்குத் தெரியும். என்கிட்ட இந்த வேலையெல்லாம் வேணாம்.”

“என்னங்க உளர்றீங்க? ஸ்டேஷன் ஆஃபீஸ்ல உக்காந்திருக்கேன், வந்து கூட்டிட்டுப் போங்க.”

“அப்ப ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. உன்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப நான் என்ன கலர் சட்டை போட்டிருந்தேன்?”

நான் தையல்காரி. சட்டை எனக்கு மறக்காது. “சந்தனக் கலர். பாக்கெட் ஒரு பக்கமா கோணியிருந்துச்சு.”

“தப்பு. நீலம்.”

“நீலம் உங்க அண்ணன் போட்டிருந்தது!”

“பாத்தியா, மாட்டிக்கிட்டியா” என்றார்.

கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே வரிசை சேர்ந்துவிட்டது. எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். அதிகாரி மெல்ல ஒரு காகிதக் கைக்குட்டையை என் பக்கம் நகர்த்தினாள். அழுகிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. துக்கம் கொஞ்சமும் இல்லை, அத்தனையும் ஆத்திரம்.

“நான் யாருன்னு நான் நிரூபிக்கணுமா உங்களுக்கு?” என்றேன். “அதுக்கான பாஸ்போர்ட் உங்க வயித்துலதான் கெடக்கு. எடுத்துப் போட்டோவைப் பாருங்க. ஞாபகம் வந்தா வாங்க. வரலன்னா அதைக் கட்டிக்கிட்டே ஊரைச் சுத்திப் பாருங்க.”

போனை வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் இவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் வைத்தது அதுதான் முதல் தடவை. அதிகாரிக்குப் பேச்சு புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினாள். ஒரு காகிதக் கோப்பையில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். நன்றாகவே இல்லை, கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

கோப்பையைக் கீழே வைப்பதற்குள் போன் அடித்தது. இவர்தான்.

“எந்த ஸ்டேஷன்?” என்றார்.

வந்து சேர்ந்தபோது தொப்பியைக் காணோம், சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடந்தது. அப்போதும் ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே ஒரு தூணடியில் நின்றிருக்கிறார், தொலைந்தால் நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று எங்கோ பார்த்தாராம். பதற்றத்தில் என் நம்பருக்கே போன் போட்டிருக்கிறார். அது தன் வயிற்றுக்குள்ளேயே இருப்பது பிறகுதான் நினைவு வந்ததாம். காவலாளிகள் வந்து விசாரித்தபோது அவர்களும் போலி என்று விலகிப் போயிருக்கிறார். எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொன்னார். முகம் வெளிறியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது, அதை நான் காட்டிக்கொள்ளவில்லை.

“அப்புறம் எப்படி நம்பினீங்க?”

“நீ போனை வச்சியே. பணம் பறிக்கிறவன் தானா வைக்க மாட்டானே.” கொஞ்சம் நிமிர்ந்தார். “யோசிச்சுப் பாரு, நான் கேட்டதுல என்ன தப்பு? நெசமாவே வேற எவனாவது பண்ணியிருந்தா?”

நான் கையை நீட்டினேன்.

“என் பாஸ்போர்ட்டைக் குடுங்க. போனு, ஹோட்டல் பேர் போட்ட அட்டை, செலவுக்குக் கொஞ்சம் பணம்.”

“இங்கயா? எல்லாரும் பாக்கறாங்க. ரூமுக்குப் போயி…”

“இப்பவே. இல்லன்னா நான் இங்கேருந்து நகர மாட்டேன்.”

சுற்றிலும் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். அவளுக்கு எப்படியோ விளங்கிவிட்டது, பின்னாலிருந்த சிறிய அறையைக் கைகாட்டினாள். இவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் சட்டையோடு போராடினார். வெளியே வந்து கொடுத்த பாஸ்போர்ட் சூடாக, ஓரங்கள் வியர்வையில் வளைந்து இருந்தது. போனை அங்கேயே உயிர்ப்பித்து, அதிகாரிக்கு முன்னாலேயே இவர் நம்பரைச் சத்தமாக நான்கைந்து தடவை சொல்லிப் பாடம் செய்தேன். இவரை என் நம்பரைச் சொல்லச் சொன்னேன், அது இவருக்குத் தெரிந்திருந்தது. பிரிந்தால் இந்த மாதிரிக் கூண்டுக்கு வர வேண்டும், தூணடியில் நிற்கக் கூடாது என்று சொன்னேன். சரி சரி என்றார், பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்குகிறவர் மாதிரி.

மறுநாள் காலை நான் கைப்பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இந்த ஊரில் துணிக்கடைத் தெரு ஒன்று இருப்பதாக அந்த அதிகாரி காகிதத்தில் வழி வரைந்து கொடுத்திருந்தாள்.

“கூட்டமான இடமா இருக்குமே” என்றார் இவர்.

“நீங்க வேணும்னா ரூம்ல இருங்க.”

வந்தார். தெருவெல்லாம் என் பையையே பார்த்துக்கொண்டு, அரையடி பின்னால் நடந்தார். ஒரு கடையில் நான் லினன் சுருளை விரித்து, விரலால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடைக்காரி ஏதோ விலை சொன்னாள், நான் தலையை ஆட்டினேன், அவள் குறைத்தாள். இவருக்கு வாசலில் இருப்புக் கொள்ளவில்லை. யாரோ ஒரு பெரியவர் இவர் சட்டைத் தோளைக் காட்டி ஏதோ சொல்லித் துணியால் துடைக்க வந்தார்.

“தொடாத! தள்ளிப் போ!” என்று இவர் தமிழிலேயே அலறினார்.

பெரியவர் மிரண்டு இரண்டடி பின்வாங்கிப் போய்விட்டார். நான் வெளியே வந்து பார்த்தேன். தோளில் நிஜமாகவே எச்சம். மேலே மின்கம்பியில் புறாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“அவன் திருடன்” என்றார் இவர்.

“திரும்புங்க, நான் துடைக்கிறேன்” என்று சொல்லி, அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கத் தெருவில் தேடினேன். கூட்டத்தில் அவரைக் காணவில்லை.