மூன்று காரணங்கள்

எலிகள் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று ஏழாம் வகுப்பில் படிக்கும் கீரா மெக்ரே எழுதிய ஒரு பக்கக் கட்டுரையைப் படித்து மனம் மாறி, வாலரூக் ஊரின் கோதுமைக் குதிர்களில் இருந்த எலிகளெல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமை மேற்கே நடந்துபோயின. அந்த வாரம் கோதுமை விலையும் கொஞ்சம் ஏறியது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாடு முழுவதும் வைக்கும் எழுத்துத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்ததால், எலிகளைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. வகுப்பாசிரியை மிஸ் பர்னெலுக்கு மட்டும் பெருமை பிடிபடவில்லை. அவர் சொல்லிக்கொடுத்த முறை அது: ஒரே பக்கம் நில், மூன்று காரணம் சொல், முடி. “மறுபக்கத்தை எட்டிப் பாத்தீங்க, மார்க் போச்சு” என்று தினமும் மேசையைத் தட்டுவார்.

கீராவோடு பிறந்த இரட்டை, டோபி. ஆடு மேய்க்கும் நாயை ஒரே சீட்டியில் மூன்று வயல் தாண்டித் திருப்புவான். ஒரு வரி வாசிக்கச் சொன்னால் வியர்த்துவிடும். பள்ளியின் மதிப்பெண் சராசரியை அவன் ஒருவனே கீழே இழுத்தான். தேர்வன்று அவனுக்குக் காய்ச்சல் வந்தால் நல்லது என்று தலைமையாசிரியர் போனில் நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார். “வந்தா உங்களுக்கு வரட்டும்” என்று அவன் அம்மா ஷோனா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் மிஸ் பர்னெல் பலகையில் பயிற்சித் தலைப்பை எழுதினார்: வாசிக்கத் தெரியாதவர்கள் பள்ளியில் இருக்கலாமா?

“மிஸ், இதுல டோபியும் வருவானே?” என்றாள் கீரா.

“பேரு போடாத. ஆளு பேரு போட்டா மார்க் குறையும்.”

எலிகள் போனதைக் கண்ணால் பார்த்தவள்தான். ஆனால் முழு மதிப்பெண் அவளுக்கு அப்படியொரு ருசி. எழுதினாள், பாவி. முதல் காரணத்தில் பக்கத்து நாற்காலியில் டோபியின் கால்கள் மங்கின. இரண்டாவதில் மார்பு வரை போயிற்று. “ஏய், போதும்டி” என்றான் அவன், சிரித்துக்கொண்டேதான். மூன்றாவதை அவள் மிக நன்றாக எழுதினாள்: போகிறவர்களுக்கே அது நிம்மதி. மிஸ் பர்னெல் காலி நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு முழு மதிப்பெண் போட்டார். அந்த ஆண்டு பள்ளி வட்டாரத்திலேயே முதலிடம். மைதானத்தில் சாசேஜ் சுட்டு ஊருக்கே கொடுத்தார்கள்.

ஷோனா மகளைச் சமையலறை மேசையில் உட்காரவைத்தாள். “இப்ப மறுபக்கம் எழுது. அவன் வரணும்னு எழுதுடி.” கீரா அழுதுகொண்டே எழுதினாள்: அவன் என்னோடு பிறந்தவன். உடனே வாசலில் டோபியின் சீட்டி கேட்டது. நாய் வாலாட்டிக்கொண்டு ஓடியது. சீட்டி மட்டும்தான் வந்திருந்தது. “இன்னும் ரெண்டுதானேடி, யோசி” என்று அம்மா கெஞ்சினாள். மறுபக்கம் பார்த்துப் பழகாத கீராவுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

பிறகு அவள் மெல்பர்ன் போய்ப் படித்து வக்கீலானாள். ஒரு வழக்கிலும் தோற்றதில்லை. கிறிஸ்துமஸுக்கு வீடு வந்தால் அம்மா முதலில் ஒரு வெள்ளைத்தாளைத்தான் நீட்டுகிறாள். சாயங்காலம் வாசலில் சீட்டி கேட்கும். ஷோனா அதற்கும் ஒரு தட்டு வைப்பாள். வாலரூக்காரர்கள் அந்தச் சீட்டியைக் கேட்டுத்தான் ஆடுகளைப் பட்டியில் அடைக்கிறார்கள்.