இருட்டறையில் முளைத்த நன்னாரி

நன்னாரி வேர் குருத்து விட்டதற்கெல்லாம் ஒருத்தி அழுவாளா? ஆன்சி அழுதாள். ஒத்தக்கடைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மூன்று வருஷமாக அவள் செய்த ஆராய்ச்சியே அதுதான். குப்பியில் வளர்க்கும் வேர்த்துண்டுக்குள் ஒளியை உணரும் நிறமி இருக்கிறது என்பது அவள் கட்சி. சிவப்பு ஒளி பட்டால் அது விழித்துக் குருத்து விடச் சொல்லும். இருட்டில் வைத்த வேர் சும்மா கிடக்க வேண்டும். கிடக்கவில்லை.

"ஒன் நிறமியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல," என்றார் அவளுடைய பேராசிரியர் மைக்கேல்ராஜ். "இருட்டுலயே இம்புட்டு முளைக்குதே. வேற தலைப்பு யோசிச்சுட்டு வாம்மா."

வேறு தலைப்பா? இந்தப் பட்டத்தைச் சொல்லித்தான் வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பதையே தடுத்து வைத்திருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு.

அன்று சாயங்காலம் சமயநல்லூர் பஸ்ஸுக்குக் கிளம்பியவள், டிபன் பாக்ஸை மறந்து திரும்பி வந்தாள். குப்பிகள் வைத்திருந்த இருட்டறைக் கதவிடுக்கில் வெளிச்சம். உள்ளே திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு எரிய, மைக்கேல்ராஜ் முழங்காலிட்டுச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"சார்! தெனமும் இதப் போடுவீங்களா?"

"செபம் முடியிற வரைக்கும்தாம்மா. எல்லாம் ஒன் ஆராய்ச்சிக்காகத்தான்."

"இருட்டறைல லைட்டா சார்?"

"செவப்புதானே? எங்கப்பா ஸ்டூடியோ இருட்டறைல செவப்பு பல்புதான் எரியும். போட்டோவுக்கே ஒண்ணும் ஆகாது, வேருக்கு ஆகிருமா?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்கள். ஆண்டவரைப் பிடித்தாலும் அதே கதிதான் போலிருக்கிறது. மைக்கேல்ராஜைக் குப்பியில் போட்டு மூடலாமா என்று ஆன்சிக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் புத்தி வேலை செய்தது.

"செபத்த நிறுத்தாதீங்க சார். புதுக் குப்பி வைக்கிறேன். நீங்க முடிச்சதும் பாதிக் குப்பிக்கு மட்டும் நான் வேற லைட்டு காட்டுறேன்."

அது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கடுஞ்சிவப்பு. சிவப்பு எழுப்பிய நிறமியை அது திரும்பத் தூங்க வைத்துவிடும். சில வாரங்களில் செபம் மட்டும் கேட்ட குப்பிகளில் குருத்து வந்தது. மற்றவை மொட்டையாகவே கிடந்தன. நிறமி இருப்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மைக்கேல்ராஜ் மொட்டைக் குப்பிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "எஞ் செபத்த ஒன் லைட்டு அழிச்சிருச்சேம்மா."

"செபத்த இல்ல சார், பல்ப."

அவர் பல்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "தலைப்ப மாத்த வேணாம். அதயே எழுது." பிறகு தயங்கினார். "படம் இருக்கட்டுமா?"

ஆன்சிக்குக் கோபமெல்லாம் வடிந்து, அவர்மேல் பாசமே வந்துவிட்டது.

"இருக்கட்டும் சார். ஆண்டவருக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும்."