சில்லுன்னு இருந்த டிரம்

எனக்கும் என் ஓரகத்தி பத்மாவுக்கும் ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. என் வீட்டுக்காரரு காரியத்துக்கு அவ புருஷன், என் கொழுந்தன் மட்டும் வந்தான், அவ வரல. முழுகாம இருக்கறா, சாவு வூட்டுக்கு வரக்கூடாதுன்னாங்க. எல்லாம் சாக்குன்னு மூஞ்சியத் திருப்பிக்கினேன். இந்த மணியம்மை கோவம் ஊருக்கே தெரியும்.

ஆனா ஒரே கெணறு, பக்கத்துப் பக்கத்து நெலம். அந்தப் பங்குனியில ரெண்டு பேரு நெல்லும் மஞ்சளாப் போச்சு. வெவசாய ஆபீசு கிராம சேவக் வந்து, யூரியாவக் கரைச்சு இலைமேல அடிங்கன்னாரு. நூறு லிட்டர் டிரம்முக்கு ரெண்டு கிலோ, அதுக்கு மேல போனா இலை கருகிடும்னு ரெண்டு வாட்டி சொன்னாரு. திருத்தணி பஜார்ல சத்தார் பாய்கிட்ட அடிக்கிற மெஷினை வாடகைக்கு எடுத்தாந்தேன். அரக்கோணத்துல ரயில்வேயில கூலி வேலைக்குப் போற கொழுந்தன் நடுவுல நின்னு பேசினான். பத்மா தண்ணி ரொப்பணும், நான் யூரியா கலந்து அடிக்கணும்.

மொதல்ல அவ பயிரு. அந்த வருஷம் அவங்க சோத்துக்கு அதுதான். வெயில் தாழ நான் போறப்ப டிரம் ரொம்பியிருந்துச்சி. புள்ள அழுவுதுன்னு அவ வூட்டுக்குப் போய்க்கினு இருந்தா. தண்ணியில கை வெச்சேன். வெயில்ல கெடந்த தண்ணி சில்லுன்னு இருந்துச்சி. யூரியா கரைஞ்சா தண்ணி அப்படித்தான் குளுந்துடும். கூப்புட்டிருந்தா திரும்பியிருப்பா, பத்தடிதான் போயிருந்தா. நானா மொதல்ல வாயத் தொறக்கறது? ரெண்டு கிலோவ அள்ளிக் கொட்டினேன்.

முக்கால் பயிரு அடிச்சு முடிச்சப்ப புள்ளையோட வந்தா. யூரியா மூட்டை இன்னும் கொறைஞ்சிருந்ததப் பார்த்தா.

"அக்கா, நான்தான் கலந்துட்டுப் போனேனே" ன்னா.

மெஷினைக் கழுவி, கெணத்துத் தண்ணிய மொண்டு மொண்டு, இலையெல்லாம் நனையற மாதிரி வெறும் தண்ணிய அடிச்சோம். நல்லா இருட்டற வரைக்கும் அடிச்சோம். வரப்போரமா கொஞ்சம் பொழைச்சுது. மத்ததெல்லாம் மூணாம் நாள் நுனியிலேர்ந்து கருகி, வைக்கோல் மாதிரி நின்னுச்சி.

வரப்புல உக்காந்து பத்மா அழுதா. "என் தப்புக்கா. கலந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும். அன்னிக்குக் காரியத்துக்கும் வந்திருக்கணும்."

சும்மா இருந்திருக்கலாம். ரெண்டு வருஷக் கோவம் அதோட தீந்திருக்கும். என்னால முடியல.

"தண்ணி சில்லுன்னு இருந்துச்சி பத்மா. கை வெச்சப்பவே எனக்குத் தெரியும்."

கண்ணத் தொடைச்சிக்கினா. புள்ளையத் தூக்கி இடுப்புல வெச்சிக்கினு எழுந்து போனா.

அப்புறம் என் பயிருக்குச் சரியா அளந்து அடிச்சேன், நல்லா வந்துச்சி. அறுத்ததுல பாதிய அவ வூட்டு வாசல்ல எறக்கினேன். வேணான்னு சொல்லல, எடுத்துக்கினா. புள்ள சாப்பிடணுமே.

இப்போ அவதான் என்கிட்ட பேசறதில்ல.