நிற்காமல் அரை மணி நேரம்

மாலை ஐந்து மணி. கண்டக்டரின் மனைவி, மகனுடைய பழைய ஷூவின் நுனியில் துணியைத் திணித்துக் காலை நுழைத்து நாடாவை இறுக்கிக் கட்டினாள். அவள் காலுக்கு இரண்டு அளவு பெரிய ஷூ. கடைகளெல்லாம் அடைத்துக் கிடக்கும்போது வேறு ஷூவுக்கு எங்கே போவாள்? சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளினால் வாசற்கதவிலிருந்து சமையலறை ஜன்னல் வரை பதினான்கு எட்டு வைத்து நடக்கலாம். நோய்த்தொற்றுக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாளில் அவளுக்கு வாய்த்த மைதானம் அதுதான்.

பஸ் ஓடாததால் இரண்டு மாதமாகச் சோபாவே கதியென்று கிடந்த கண்டக்டர் சிரித்தார்.

"காலையில இருந்து பெருக்குற, துவைக்கிற, சமைக்கிற. அது பத்தாதா? தனியா வேற நடக்கணுமா?"

"பத்தியிருந்தா என் கல்லீரல்ல எதுக்குங்க கொழுப்பு படியுது?" என்றாள் அவள், நடந்துகொண்டே.

கண்டக்டருக்கு இது தெரியாத விஷயமில்லை. ஒரு மாதத்துக்கு முன் ஸ்கேன் முடிவை டாக்டர் ஃபோனில் சொன்னபோது அவரும்தான் பக்கத்தில் இருந்தார். "குடிக்கிறவங்களுக்குத்தானே டாக்டர் இது வரும்? இவ சோடாகூடத் தொடமாட்டாளே" என்று கேட்டவரும் அவரேதான்.

"குடிக்காதவங்களுக்கும் வரும்" என்றார் டாக்டர். "எடை, சர்க்கரை ரெண்டும் ஏறியிருக்கு. தினம் அரை மணி நேரம் மூச்சு வாங்க வேகமா நடக்கணும். நின்னு நின்னு நடந்தா பத்தாது. இப்பவே கவனிச்சா குறைஞ்சிடும். விட்டா கல்லீரல்ல தழும்பு விழலாம். மூணு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்."

அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல் நடக்கிறாள். நடக்க விட்டால்தானே!

"அம்மா, என் சார்ஜரைப் பார்த்தியா?" வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் மகன் அறையிலிருந்து கத்தினான். அவள் நின்றாள், தேடிக் கொடுத்தாள், மறுபடி நடந்தாள். "டீ கிடைக்குமா?" இது கண்டக்டர். மறுபடி நின்றாள். அவள் சலித்துக்கொள்ளவில்லை, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். அந்தப் பிடிவாதத்துக்கே ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் அன்று ஷூவைக் கழற்றும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. "ஒரு மாசமாச்சு. ஒரு கிலோகூட இறங்கல. எனக்குப் பயமா இருக்குங்க."

"தினம் நடந்துட்டுதானே இருக்க?"

"எங்க நடக்கிறேன்? நாளைக்கு நான் எத்தனை தடவை நிக்கிறேன்னு நீங்களே எண்ணுங்க. பஸ்ஸுல தலை எண்ணுறவருதானே நீங்க."

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் தலைக்கணக்கு தப்பாத மனுஷர். விடுவாரா? மறுநாள் ஐந்து மணிக்கே காகிதமும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, பேனா எங்க?" என்று கேட்டார். அவள் நின்று எடுத்துக் கொடுத்தாள். ஒரு கோடு போட்டார். எழுதியது கண்ணுக்குத் தெரியவில்லை. "என் கண்ணாடி?" அதற்கு இன்னொரு கோடு. பிறகு ஃபேன், அதன் பிறகு டீ. நடுநடுவே மகன்.

அரை மணி முடிந்ததும் கூட்டிப் பார்த்தார். பதினோரு கோடு. அதில் மகனால் விழுந்தவை நான்கு. மீதி ஏழும் அவரால் விழுந்தவை. சோபாவில் உட்கார்ந்தபடியே ஏழு தடவை அவளை நிறுத்தியிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அவள் நாடாவைக் கட்டும்போதே அவர் சமையலறைக்குள் போய்விட்டார். ஐந்தே நிமிஷத்தில் மகன் கூப்பிட்டான். "அம்மா!"

"என்ன வேணும்? எங்கிட்ட சொல்லு."

"உங்களுக்குத் தெரியாதுப்பா."

"தெரிஞ்சுக்கிறேன். சொல்லு."

அதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. அவள் கால் தன்னால் திரும்பியது. "பொங்குனா பொங்கட்டும். நான் துடைச்சுக்கிறேன். நீ நட" என்றார் கண்டக்டர். அவள் நடந்தாள். நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, முகம் சிவந்து, அந்த ஒரு மாதத்தில் முதல் முறையாக நிற்காமல் நடந்தாள். துடைக்கும் துணியோடு நின்று பார்த்தவருக்குப் பெருமை தாங்கவில்லை.

மகன் அறையை விட்டு வெளியே வந்தான். "ஒரு நிமிஷம் நின்னா என்னப்பா ஆயிடப்போகுது?"

"அந்த ஒரு நிமிஷம் ஒரு நிமிஷமாத்தான்டா நாம அவ உடம்பைக் கெடுத்தோம்" என்றார் கண்டக்டர். "வீட்டு வேலையே போதும்னு நானும் வாய் கிழியப் பேசினேன். அது நமக்காக அவ உழைக்கிறது. இந்த அரை மணி நேரம் அவ உயிருக்காக நடக்கிறது. அதுல நாம கை வைக்கக் கூடாது. அவளுக்கு நாம குடுக்கவேண்டிய மருந்தே அதுதான்."

பேசிக்கொண்டே இருவரும் அவள் நடக்கும் பாதையை மறித்து நின்றிருந்தார்கள்.

"பேசினது போதும்" என்றாள் அவள், வேகத்தைக் குறைக்காமல். "வழியை விடுங்க, இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு."