தஹானி வீட்டு வழியாக

எகிப்தின் துறைமுக நகரமான போர்ட் சயீதில் பிறந்து வளர்ந்தவள்தான் இன்ஸாஃப். இருந்தும் இன்டர்நெட் ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறக்கத் தெரியாமல் காலையிலிருந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

மன்சூராவில் மகள் ரஷாவுக்குப் பிரசவ நேரம். நாளைக்குக் கிளம்பியாக வேண்டும். ஆனால் இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடக்கும் அக்கா ஸனிய்யாவை எப்படி விட்டுப் போவது? பார்த்துக்கொள்ள நாளையிலிருந்து ஆள் வைத்தாயிற்று. அந்தப் பெண் அடுப்படிக்குப் போனால் போதும், ஸனிய்யா தானாக எழுந்து நடக்கப் பார்ப்பாள். ஏற்கெனவே இரண்டு முறை விழுந்தவள். அதனால் கட்டிலைப் பார்த்தபடி ஒரு கேமரா மாட்டியிருந்தார்கள். மன்சூராவிலிருந்து அது தெரிந்தால்தான் பயணம், இல்லாவிட்டால் இல்லை என்று இன்ஸாஃப் சொல்லிவிட்டாள்.

"அத்தே, நான் சொன்ன நம்பரப் போட்டீங்களா?" மன்சூராவிலிருந்து போனில் ரஷாவின் கணவன் ஹாஸிம்.

"போட்டேன் மாப்ள. சேமிச்சும் ஆச்சு. என் போன்ல அக்கா நல்லாத் தெரியுறா."

"இங்க ஒண்ணும் தெரியலையே."

ரவுட்டரை அணைத்துப் போட்டாள். எண்ணை அழித்து மறுபடி அடித்தாள். வீட்டுக்குள் இருந்தால் தெரிகிற கட்டில் வெளியூருக்கு மட்டும் ஏன் மறைகிறது? அக்கா அதே கட்டில், கேமரா அதே கேமரா. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"இந்த ஊரே ஒரு போர்ட்டு" என்றாள் ஸனிய்யா படுத்தபடியே. "எத்தனையோ கப்பல் உள்ள வருது, வெளிய போகுது. என் ஒருத்தி மூஞ்சி வெளிய போக மாட்டேங்குதாம்!"

"நீ சும்மா கிட அக்கா."

"சும்மாதானடி கிடக்கேன்!"

ஹாஸிமுக்கு என்னவோ தோன்றியது. "அத்தே, நம்பர் போட்ட அந்த ஸ்கிரீன்ல வெளி முகவரின்னு ஒண்ணு இருக்கும், படிங்க."

படித்தாள். அவன் பெருமூச்சு விட்டான். "இது வீட்டுக்குள்ள பொழங்குற முகவரி அத்தே. உங்க ரவுட்டருக்கு வர்ற வயர் எங்கேருந்து வருது?"

"ஜன்னல் வழியா, கீழேருந்து."

"கீழ யாரு?"

"அந்தப் பேர இந்த வீட்டுல எடுக்காத!" என்றது கட்டில்.

கீழ்வீட்டில் தஹானி. மாடியில் காயப்போட்ட ஈரத்துணி கீழே சொட்டியதில் வந்த சண்டை. பேச்சு நின்று இரண்டு ஈத் பெருநாள் போய்விட்டது. ஆனாலும் பாருங்கள், பேச்சை அறுத்தவர்கள், அவள் வீட்டிலிருந்து பங்கு போட்டு மேலே இழுத்த இன்டர்நெட் வயரை அறுக்கவில்லை.

"நீங்க திறந்தது உள்வாசல்தான் அத்தே" என்றான் ஹாஸிம். "தெருவாசல் அவங்க ரவுட்டர்ல இருக்கு. அங்கேயும் திறந்து உங்க வீட்டுக்குத் திருப்பிவிடணும்."

இன்ஸாஃப் போனைக் கையில் பிடித்தபடி படியிறங்கினாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கதவு திறந்ததும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்: "தஹானி, உங்க வாசலத் திறந்தாத்தான் எங்க வீட்டுக்கு வழி."

தஹானிக்குக் கண் கலங்கிவிட்டது. "என் வாசல் என்னிக்கும்மா சாத்தியிருந்துச்சு? உங்கக்காதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா!" என்று இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இல்ல, அது வந்து... போர்ட்டு..."

"போர்ட்டாவது, ஏர்போர்ட்டாவது! உக்காரு."

அவள் எதைப் புரிந்துகொண்டாள் என்று இன்ஸாஃபுக்குப் புரியவில்லை. போனுக்குள்ளிருந்து ஹாஸிம், "ரவுட்டரத் திருப்பிப் பாருங்க, அடியில பாஸ்வேர்டு ஒட்டியிருக்கும்" என்று கத்தினான். "யாரு, மாப்பிள்ளையா? நல்லாயிருப்பா!" என்று தஹானி ரவுட்டரை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இன்ஸாஃப் குனிந்து, அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எண்ணாகப் போட்டாள். எந்த முகவரி யாருடையது என்பது இப்போதும் குழப்பம்தான். கடைசியில் சேமித்தாள்.

"தெரியுது அத்தே!" ஹாஸிம் துள்ளினான். உடனே குரல் தாழ்ந்தது. "ஆனா... பெரியம்மா பக்கத்துல யாரோ ஒரு பொம்பள நிக்குறாங்க. கையில கிண்ணம். ரெண்டு பேரும் கத்திக்கிட்டிருக்காங்க."

இன்ஸாஃப் திரும்பிப் பார்த்தாள். அடுப்படியில் யாரும் இல்லை. வாசற்கதவு திறந்து கிடந்தது.

"என்னன்னு கத்துறாங்க?"

"சூப்புல உப்பில்லைன்னு பெரியம்மா சொல்றாங்க. வாயில ருசி செத்துப்போச்சுன்னு அந்தம்மா சொல்றாங்க. ஐயோ, பெரியம்மா எந்திரிக்கப் பாக்குறாங்க... இல்ல, அந்தம்மா தோளப் பிடிச்சு அமுக்கிட்டாங்க. ஊட்டிவிடுறாங்க. கேமரா வழியா நான் ஏதாச்சும் குரல் குடுக்கவா?"

"வேண்டாம் மாப்ள, விடு" என்றாள் இன்ஸாஃப். "காலைல முதல் பஸ்ஸுக்கே வந்துடுறேன்னு ரஷாகிட்ட சொல்லு."