முதுகு நனைந்த சட்டை

தோட்டத்து மேஸ்திரியின் பெரிய மகன் பூச்சிமருந்தைக் குடித்துச் செத்தான் என்றுதான் ஊரில் பேச்சு. ஆஸ்பத்திரியிலும் விஷம் என்று மட்டுமே சொன்னார்கள். மேஸ்திரியின் முகத்துக்கு நேரே யாரும் வாய் திறந்ததில்லை. ஆனால் அவர் தலையைக் கண்டதும் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். மகளுக்குக் கூடிவந்த சம்பந்தமும் கைநழுவிப் போனது. தலைநிமிர்ந்தே நடந்து பழகிய மனிதருக்கு இது பொறுக்கவில்லை.

மருந்தடிக்கிறவர்களுக்குப் பயிற்சி என்று தோட்டத்துக் கிடங்கில் கூட்டியபோது, அவர் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். பயிற்சி கொடுக்க வந்த பெண் கையுறையையும் முகமூடியையும் காட்டினாள். காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக் கூடாது, மருந்து பீய்ச்சும் நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதக் கூடாது என்றாள்.

"அப்ப இத்தனை நாளா நாங்க புல்லாங்குழல் வாசிச்சதெல்லாம் தப்பா?" என்றான் டிராக்டர்காரன்.

சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து மேஸ்திரி எழுந்தார்.

"ஒரு சொட்டுகூட வாயில படாம ஒருத்தன் சாக முடியுமாம்மா?"

"முடியும் ஐயா. முதுகுல மாட்டுற மருந்து டேங்க் ஒழுகி சட்டை நனைஞ்சா, தோல் வழியாவே உள்ள போயிடும்."

டிராக்டர்காரன் தலையைக் குனிந்துகொண்டான். மேஸ்திரி கூட்டத்தை ஒருமுறை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் இன்னும் முடிக்கவில்லை.

"முதல்ல சட்டையக் கழட்டணும். சோப்பு போட்டு உடம்பக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஈரச் சட்டையோட விட்டா விஷம் ஏறிக்கிட்டே இருக்கும்."

மேஸ்திரி உட்கார்ந்துவிட்டார். அன்று மருந்தடிக்கப் போன மகன் முதுகு நனைந்த சட்டையோடு, வாந்தியும் நடுக்கமுமாக வந்து விழுந்தபோது, குடித்துவிட்டான் என்றுதான் அவரும் நினைத்தார். மானம் போகுமே என்று கதவைச் சாத்தினார். குளிர்கிறது போலும் என்று பெற்றவள் அந்த ஈரச் சட்டையின் மேலேயே கம்பளியைச் சுற்றி, மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இருட்டிய பிறகுதான் வண்டி பிடித்தார்கள்.

வீட்டு வாசலில் மனைவி காத்திருந்தாள்.

"குடிக்கலை. டேங்க் ஒழுகி தோல் வழியா ஏறியிருக்கு. எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன்" என்றார்.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு மருந்து பட்ட துணி துவைக்கிற பொம்பளைங்களையும் வரச் சொல்லியிருக்காங்களாமே. நானும் போறேன். எம் பிள்ளையப் பத்தி எங் காதால கேக்கணும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

"போய்ட்டு வா" என்றார்.

அவள் பெட்டியைத் திறந்து, நாளைக்கு உடுத்த நல்ல துணியாகத் தேடிக்கொண்டிருந்தாள்.