ஆலாக்கள் இறங்கும் கரை

காலையிலேயே கரை சேர வேண்டிய தோணி பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகும் வரவில்லை. ஷிஃபானாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டுக் கிண்ணியாக் கடற்கரைக்கு வந்துவிட்டாள். விடியலில் பிடித்த மழை குடாவையே மூடியிருந்தது. எதிரே சீனன்குடாப் பக்கம் ஒரு விளக்குக்கூடத் தெரியவில்லை. தோணியில் போன புருஷன் அஸாமின் கைபேசியிலும் பேச்சு மூச்சில்லை.

நின்று நின்று கால் கடுத்துக் கரையோரமாக நடந்தாள். அலை ஒதுக்கிய பாசிக்குள் ஓர் ஆலா கிடந்தது. மீன் கூட்டத்துக்கு மேல் வட்டமடிக்குமே, அந்த வெள்ளைக் கடற்பறவை. செத்துப் பல நாள். இறகும் எலும்பும்தான் மிச்சம். கையில் எடுத்தால் பாரமே இல்லை. இத்தனூண்டு உடம்பை வைத்துக்கொண்டா இவ்வளவு பெரிய கடலோடு மல்லுக்கு நின்றது என்று பாவமாக இருந்தது. காலைச் சுற்றி நைலோன் வலைத் துண்டு. அதில் ஒரு சிவப்பு நூல் முடிச்சு.

அவள் கைப்பட்ட முடிச்சு. கரை முழுதும் கிழிந்த வலையை வெள்ளை நூலில் பொத்த, ஷிஃபானா மட்டும் சிவப்பில் பொத்துவாள். அஸாமின் வலை பிறத்தியாரின் வலையோடு கலந்தாலும் பிரித்தெடுக்கலாம் என்பது அவளுடைய கெட்டித்தனம். பழுதான துண்டை வெட்டி, கடல் கொண்டுபோகட்டும் என்று அலையில் எறிவதும் அவளேதான். கடல் கொண்டுபோய்த்தான் இருக்கிறது.

"யா அல்லாஹ், இதுக்காக அவரைத் தண்டிச்சிடாத" என்று வாய்விட்டு அழுதாள். சிப்பியால் மண்ணைத் தோண்டி ஆலாவைப் புதைத்தாள். நூலை மட்டும் அறுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பொழுது சாய்கிற நேரம், தலைக்கு மேலால் ஆலாக் கூட்டமொன்று கீச்சிட்டபடி வந்து மணல்திட்டில் இறங்கியது. பின்னாலேயே இஞ்சின் சத்தம். தோணியிலிருந்து குதித்த அஸாம் நனைந்த கோழிபோல் நடுங்கினான்.

"போன் தண்ணிக்குள்ள விழுந்திட்டு, புள்ள. மழையில கரை எந்தப் பக்கமெண்டே தெரியல்ல. நங்கூரத்தப் போட்டுக் கிடந்தன். எண்ணெயும் ஒருக்கா கரைக்கு ஓடத்தான் இருந்திச்சு. பக்கம் மாறினா நடுக்கடல்தான். அப்பதான் ஆலாக்கள் எல்லாம் ஒரே பக்கமாப் பறந்திச்சு. பொழுதுபட்டா அதுகள் கரைக்குத்தானே போகும்? பின்னாலயே தோணிய விட்டன். அல்ஹம்துலில்லாஹ்!"

யாருக்கு முதலில் நன்றி சொல்வது, படைத்தவனுக்கா பறவைகளுக்கா என்று ஷிஃபானாவுக்குத் தெரியவில்லை. இரண்டு நன்றிக்கும் சேர்த்தே அழுதாள். பிறகு முந்தானையை அவிழ்த்து நூலைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள்.

அஸாம் அந்தச் சின்ன மண்மேட்டருகே போய்க் குந்தினான். "அப்பிடியிருந்தும் என்னைக் கொண்டுவந்து விட்டிருக்குதுகள்" என்றான்.

மறுநாள் காலை அவள் அரிசிச் சாக்கோடு கரையில் வலைத் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ரிஸ்னாவுக்குச் சிரிப்பு.

"என்ன ராத்தா, கடலுக்கும் வாசல் துப்பரவாக்குறீங்களா?"

"ஓம். என்ட மனுசனக் கரை சேர்த்த ஆக்கள் இறங்குற இடம்" என்றாள் ஷிஃபானா, நிமிராமலே.